ஐஸ் ஒத்தடம்

முகத்தில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மல்லாந்துதான் படுக்க வேண்டும், மேடம். தலைக்கு இரண்டு தலையணை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டு, காலையில் ஒரு பக்கக் கன்னம் வீங்கிவிட்டது என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள்.

அதுதான் என் வேலை. தோல் கிளினிக்கில் ஊசி போடுவது டாக்டர். போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களைப் போனில் பார்த்துக்கொள்வது நான். முகத்தில் குழி விழுந்த இடத்திலும் கோடு விழுந்த இடத்திலும் ஊசி வழியாக ஜெல் ஏற்றுவார்கள். அது உள்ளே அமரும்வரை முகத்தைத் தேய்க்கக் கூடாது, ஆவி பிடிக்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது. வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம், அதுவும் துணியில் சுற்றித்தான். சந்தேகம் வந்தால் கிளினிக் போனுக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒருவர் தும்மலாமா என்று கேட்டார். ஒரு கல்யாணப் பெண், மேடையில் அழலாமா என்று கேட்டாள். "அளவா அழும்மா. தொடைக்காத, ஒத்தி எடு" என்றேன்.

பொறுமைசாலி என்று எனக்குப் பெயர். எத்தனை பேர் ஒரே கேள்வியைக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டேன். போனில் முகம் தெரியாது என்பது வேறு விஷயம்.

தங்கச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன், அவசரப்படுத்தாதீர்கள். அம்மா தவறிப்போனபோது அவள் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்காத குழந்தை. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். தலை பின்னி, ஊட்டிவிட்டு, காய்ச்சலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளை வளர்த்தது நான். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவர்கள், "தங்கச்சி எங்க இருப்பா?" என்பார்கள். "என்கூடத்தான்" என்பேன். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போவார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவின் முகம். சிரித்தால் மூக்கோரத்திலிருந்து உதட்டு முனைவரை ஒரு கோடு விழும். எனக்கு அது நிலைத்துவிட்டது, அவளுக்கு இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கடல் தாண்டி ஒரு பெரிய ஹோட்டலில், வரவேற்பு மேஜையில், அவளுக்கு வேலை கிடைத்தது. டிக்கெட் எடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டு, "இந்தக் கோட்ட மட்டும் எடுத்துட்டா போதும்க்கா. இது இருந்தா அப்படியே உன்னை மாதிரி இருக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

வெள்ளிக்கிழமை நானேதான் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ஊசி ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் மேல் தப்பில்லை. எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும், ஜெல் எப்போதாவது ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். உடனே கண்டுபிடித்தால் கரைக்க மருந்து இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விட்டால் அந்த இடத்துத் தோல் ரத்தமில்லாமல் செத்துப்போகும். போன வருஷம் ஒரு டீச்சர் அனுப்பிய படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நான் டாக்டரை வரவழைத்தேன். இன்று அவர் முகத்தில் ஒரு சுவடு இல்லை. கிளினிக்கில் எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

சனி, ஞாயிறு கிளினிக் மூடியிருக்கும். கிளினிக் போன் மட்டும் முறைவைத்து யாராவது ஒருத்தி வீட்டுக்குப் போகும். அந்த வாரம் என்னுடன் வேலை செய்யும் பெண்ணின் முறை. "நான் தங்கச்சிகூட வீட்லதானே இருக்கப் போறேன், என்கிட்டயே குடு. நீ போய் நிம்மதியா இரு" என்றேன். அவளுக்கு ஏகச் சந்தோஷம். இந்த மாற்றம் தங்கச்சிக்குத் தெரியாது. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில், "மூக்கோரமா ரொம்ப வலிக்குதுக்கா" என்றாள். போய்ப் பார்த்தேன். உதட்டுக்கு மேலே தோல் வெளுத்துக் கிடந்தது, சுற்றிலும் வலை போட்ட மாதிரி சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோல் என்றால் விரலை எடுத்ததும் நிறம் திரும்பிவிடும். திரும்பவில்லை. இன்னொரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். என் விரல் பட்ட இடம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"என்னக்கா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லடி. ஊசி போட்ட எடம், அப்படித்தான் இருக்கும்."

நாளெல்லாம் சொல்கிற வசனம்தானே, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த வாரம் அவளுக்கு விமானம். முகத்தில் காயத்தோடு வருகிற பெண்ணை எந்த ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் நிறுத்துவார்கள்? ஒரு சின்னத் தழும்பு. கொஞ்ச நாள் அழுவாள், நான் பக்கத்தில் இருப்பேன், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். அவ்வளவுதான் நினைத்தேன்.

அடைப்பு என்றால் இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். ஐஸ் வைத்தால் மிச்சமிருக்கிற ரத்த ஓட்டமும் குறைந்துபோகும். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுத்தேன். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றினேன். வெறும் ஐஸை நேராக வைத்தால் அவள் தோல் தாங்காது.

அவளுக்கு மனசு ஆறவில்லை. "டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடலாமாக்கா?" என்றாள்.

"தாராளமா காட்டு. படம் எடுத்து கிளினிக்குக்கு அனுப்பு."

அனுப்பினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கிளினிக் போனை எடுத்துப் பார்த்தேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்த, தெளிவான படம். 'டாக்டர் பார்த்துவிட்டார். சாதாரண வீக்கம். ஐஸ் ஒத்தடத்தைத் தொடரவும்' என்று பதில் போட்டேன்.

"அக்கா, நீ சொன்னதையேதான் அவரும் சொல்றாரு" என்று அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பாத்தியா" என்றேன்.

மறுநாள் வெளுப்பு கருநீலமானது. பார்த்தால் பயப்படுவாள் என்று அவள் அறையிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கூடத்தில் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று அவள் போனை வாங்கி அந்த அறையிலேயே அலமாரி உச்சியில் வைத்தேன். தெருவில் ஒரே புழுதி, ஜன்னலைச் சாத்தினேன். கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று வெளியே தாழ் போட்டேன். ஜன்னல் சாத்திய வீட்டில் ஏது காற்று என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான்.

"மூச்சு முட்டுதுக்கா, கதவத் தெற" என்பாள். திறந்து போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஐஸை மாற்றுவேன். தலையணையைச் சரிசெய்வேன். எழுந்து வரும்போது தாழ் போட்டுக்கொண்டு வருவேன். யாரும் வரவில்லை, எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடப்பாளே, அந்த மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். எனக்கு அது நல்ல நாளாக இருந்தது.

சாயங்காலம் நாற்காலி போட்டு ஏறிப் போனை எடுத்திருக்கிறாள். இந்தத் தடவை படம் அனுப்பவில்லை, நேராகக் கூப்பிட்டுவிட்டாள். சமையலறையில் கிளினிக் போன் அடித்தது. கைப்பழக்கம், மேடம். யாரென்று பார்க்காமலே எடுத்து, "வணக்கம், சொல்லுங்க. இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

என் குரல் அவளுக்குப் போனில் ஒரு தடவையும் சுவர் வழியாக ஒரு தடவையும் கேட்டிருக்கும். அப்புறம் கேட்டாள்.

"அக்கா, டாக்டர் பாக்கவே இல்லையா?"

"பாத்தா உன்னைச் சரிபண்ணி அனுப்பிடுவாருடி" என்றேன்.

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அந்தக் கேள்விதான். ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். வாசல் கதவை நானேதான் திறந்துவிட்டேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூக்கோரத்தையும் மேலுதட்டையும் காப்பாற்ற முடியவில்லை என்கிறீர்கள். எப்போது தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சனிக்கிழமை காலையில் விரலை எடுத்ததுமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஐஸ் வைத்தேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவள் ஒருக்களித்துப் படுக்கிற பிள்ளை. இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுக்க வேண்டும். கட்டுப் பிரிக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுவாள்.

என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாளாம். வலியில் அப்படித்தான் சொல்லுவாள். சின்ன வயதில் ஊசி போட்ட அன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சாயங்காலம் தானாக வந்து மடியில் படுத்துக்கொள்வாள். எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். என்னை இல்லை, அவளை. நான் போய் அறையைத் துடைத்துப் படுக்கை தட்டிப் போட வேண்டும். கண்ணாடியை இன்னும் திருப்பி மாட்டவில்லை, அது இனி வேண்டாம். இந்த முகத்தோடு அவள் எங்கே போவாள்? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?