கை காய்ந்த பிறகு நடந்தவை

ஆம்பூர், 1937-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 19-ந் தேதி காலை. ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டில், படுக்கையில் இருந்தபடியே, மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்க, நான் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டது.

என் பெயர் சவுரியம்மாள். வயது இருபத்து நாலு. கணவர் பெயர் தேவசகாயம். கிறிஸ்து மதம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருக்கிறோம். என் கணவர் அந்த ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறார். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் டீச்சராக இருந்தேன், இப்போது வேலை இல்லை. நான் சொல்வது எனக்கே பாதகமாக முடியலாம் என்று மாஜிஸ்திரேட் அவர்கள் முதலிலேயே எச்சரித்தார். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

எனக்குச் சிறு வயது முதல் இரண்டு உள்ளங்கையும் ஓயாமல் வேர்க்கும். பிடித்த ஊசி துருப்பிடித்துவிடும், வெள்ளை நூல் பழுப்பாகிவிடும். பள்ளியில் பின்னும் லேஸ் சீமைக்குப் போகும். நான் பின்னிக்கொடுத்தது கறை என்று திரும்பி வந்ததால், கை சரியானால்தான் இனி வேலை என்று பள்ளித் தலைவி அம்மாள் சொல்லிவிட்டார். அதன் பிறகு, மதராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் இதற்கு ஆபரேஷன் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். முதுகைக் கீறி, விலா எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நரம்பை வெட்டினால் கை வேர்க்காது என்றார்கள். என் கணவர் வேண்டாம் என்றார். நான்தான் பிடிவாதம் பிடித்துப் போனேன். அவர் கட்டாயப்படுத்தினார் என்று யாராவது சொன்னால் அது பொய்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு பக்கமும், புரட்டாசியில் மறு பக்கமும் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் கையைப் பார்த்தேன். காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கையை முந்தானையால் துடைக்காமல் நான் அவர் கையைப் பிடித்தது அன்றுதான்.

ஊருக்கு வந்ததும், கை சரியாகிவிட்டது என்று பள்ளியில் மறுபடி வேலை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் இடது கண் இமை தாழ்ந்து, அந்தக் கண் சிறுத்துப் போனது. பிள்ளைகள் பின்னால் சிரித்தார்கள், அதைப் பொறுத்துக்கொண்டேன். குளிர் காலம் போய் வெயில் ஏறியதும் மார்புக்குக் கீழே வயிறு, முதுகு, தொடை எல்லாம் வேர்க்க ஆரம்பித்தது. கையில் வேர்த்ததைப் போல அல்ல, ஊற்றியது. முகமும் தலையும் மட்டும் சொட்டு வேர்வை இல்லாமல் அடுப்பைப் போல எரியும், தலை சுற்றும். மாற்றிக் கட்டிய புடவை அடுப்புப் பற்றவைப்பதற்குள் நனைந்துவிடும். கோயிலில் முழந்தாள் போட்டு எழுந்தால் தரையில் ஈரம் நிற்கும். பக்கத்தில் இருந்த பெண்கள் பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு மாசி மாதம், பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்த அன்று, வணக்கம் சொல்ல நாற்காலியை விட்டு எழுந்தேன். என் புடவையும் நாற்காலியும் நனைந்திருந்தன. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண், "ஐயே, டீச்சர் ஒண்ணுக்குப் போய்ட்டாங்க" என்று உரக்கச் சொன்னது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் முதல் நான் வேலைக்குப் போகவில்லை. வரச் சொல்லி ஆளும் வரவில்லை.

அதன் பிறகு நானும் என் கணவரும் மதராஸுக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தோம். வெட்டிய நரம்பை மறுபடி சேர்த்துவிடுங்கள், கை எப்படியாவது போகட்டும் என்று கேட்டேன். அவர் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கூட இருந்த நர்ஸ், "கைக்குத்தான் ஆபரேஷன் பண்ணது, கை நல்லாத்தானே இருக்குது, இன்னும் இன்னா வேணும்னு தொரை கேக்கறாரு. வெட்டனத சேக்க முடியாதாம்" என்றார். ரயிலில் திரும்பும்போது நான் உட்காராமல் கதவு ஓரமாகவே நின்றுகொண்டு வந்தேன்.

என் கணவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, அருவருத்ததும் இல்லை. "நான் ஷாப்புலேர்ந்து நாத்தமா வர்றேன், நீ மூக்கப் பொத்திக்கினியா? இது வெறும் தண்ணிதானே சவுரி" என்பார். வேலை முடிந்து வந்து எனக்கு விசிறுவார். விசிறிக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப்போவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

சம்பவம் இந்த மாதம் 16-ந் தேதி மத்தியானம் நடந்தது. உச்சி வெயிலில் எனக்கு முகம் எரிந்து கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் தலையில் ஊற்றிக்கொண்டேன். சாப்பிட வந்த என் கணவர் பானையைப் பார்த்துவிட்டு, "ஊரே தண்ணிக்கு பேஜாரா கெடக்குது. குடிக்கிற தண்ணிய ஊத்திக்கினு உக்காந்துனுகீறியே! போ, கெணத்துலயே போய் உக்காந்துக்கோ" என்று சத்தம் போட்டார். லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் அப்படிச் சொன்னது வாஸ்தவம். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அது ஒரு தரம்தான்.

நான் எழுந்து, ஷாப்பு மேஸ்திரி வீட்டுக் கொல்லையில் இருக்கும் பெரிய கிணற்றை நோக்கிப் போனேன். தண்ணீர் சேந்தப் போகிறேன் என்று முதலில் நினைத்திருப்பார், குடம் இல்லாததைப் பார்த்துப் பின்னாலேயே ஓடி வந்தார். "நில்லு சவுரி, கோவத்துல சொல்ட்டேன், நில்லும்மா" என்று கூப்பிட்டார். நான் கிணற்றுச் சுவரில் ஏறிவிட்டேன். அவர் கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்தார். நான் குதித்தேன். முந்தானை கிழிந்து அவர் கையில் தங்கியது. எதிர் வீட்டு மீனாம்பாள், என் கணவர் என்னைத் தள்ளியதைப் பார்த்ததாகப் போலீசாரிடம் சொல்லியிருக்கிறார். மீனாம்பாள் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், நீட்டிய கை தள்ளிய கையைப் போலத்தான் தெரிந்திருக்கும்.

குதிக்கும்போது சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்று கேட்டதற்கு, இருந்தது. தண்ணீருக்குள் போனதும் என் உடம்பு எங்கே வேர்க்கிறது, எங்கே வேர்க்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அது சுகமாக இருந்தது. கேட்டதால் இதையும் சொல்கிறேன்.

என் கணவருக்கு நீச்சல் தெரியாது. அவர் கயிற்றைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கையில், மேஸ்திரியின் மனைவி முனவ்வர் பேகம் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து குதித்தார். அவர் ஆலங்காயத்தில் தோட்டக் கிணற்றில் நீச்சல் பழகியவர். கல்யாணமாகி வந்த பிறகு பர்தா இல்லாமல் அவர் வாசல் தாண்டி யாரும் பார்த்ததில்லை. என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை இறக்கினார். மேலே வந்தபோது ஷாப்பு ஆட்கள் சுற்றிலும் கூடியிருந்தார்கள். பேகம்மா தோளில் ஒட்டிக் கிடந்த துப்பட்டாவை எடுத்துத் தன்மேல் போடாமல் என்மேல் போட்டு, "அடி பைத்தியமே, இன்னா காரியம் பண்ணே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு எனக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட்டது. அதனால்தான் இதை முன்னமே சொல்ல முடியவில்லை. நேற்றுச் சாயங்காலம் பேகம்மா திரை கட்டிய வண்டியில் என்னைப் பார்க்க வந்தபோதுதான், என் கணவரைப் போலீசார் அழைத்துப்போய் அடைத்திருப்பது எனக்குத் தெரிந்தது. அவர் என்னைத் தள்ளவில்லை. நானாகவே குதித்தேன். தானாகச் சாகத் துணிவதும் சட்டப்படி குற்றம் என்று மாஜிஸ்திரேட் அவர்கள் விளக்கிச் சொன்னார். அதற்குரிய தண்டனையை எனக்குக் கொடுக்கலாம்.

மறுபடியும் இப்படிச் செய்வாயா என்று கேட்டதற்கு, செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. சித்திரை இப்போதுதான் பிறந்திருக்கிறது. என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன். அவரை மட்டும் இன்றைக்கே விட்டுவிட வேண்டும். தோல் ஷாப்பிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த மனுஷர், அன்று முதல் லாக்கப்பில் கொடுப்பதைத் தொடவில்லையாம். பேகம்மா சொன்னார்.

வேறு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எழுதியதை வரிவரியாகப் படித்துச் சொல்லக் கேட்டேன். நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது, கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) தே. சவுரியம்மாள்