ஊரையே வெட்டியவர்

செந்தூல் போகும் மினிபஸ் பிரிக்ஃபீல்ட்ஸில் கிளம்பியதும், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சர்வசாதாரணமாகச் சொன்னாள்:

“நேத்து எங்க வீட்டுக்காரரு ஒரு ஊரையே வெட்டிட்டாருக்கா.”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த தமிழ்க் கண்டக்டரின் கை அப்படியே நின்றது. நான் நாளிதழை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

“ஐயோ! எதுக்கு?”

“கம்ப்யூட்டர் கேம்ல லா. கதவத் தொறந்தவங்க, தண்ணி குடுத்தவங்க, ஒருத்தரையும் விடல. அப்புறம் கோட்டைக்கு வழி சொல்ல ஆளே இல்ல. ராத்திரி பூரா காட்டுலயே சுத்திக்கிட்டு இருந்தாரு.”

கண்டக்டர் மூச்சு விட்டு, டிக்கெட்டைக் கிழித்தார்.

“நீயும் ஆடுறியா?”

“ஆமாக்கா. நான் எல்லார்கிட்டயும் நின்னு பேசுனேன். மீன் விக்கிறவ கோட்டைக்குப் போற சுரங்கத்துச் சாவியே குடுத்துட்டா. அதே கேம்தான், எனக்குக் கதையே வேற. யாரு முதல்ல கோட்டையப் பிடிக்கிறாங்களோ, அவங்க ஒரு மாசம் சமைக்க வேணாம். அதான் பந்தயம்.”

“அப்ப உனக்கு லீவுதான்!”

“எங்க? காலையில எழுந்ததும் முதல்லேருந்து ஆரம்பிச்சிட்டாரு. இப்ப வழியில நிக்கிற கோழிக்குக்கூட வணக்கம் சொல்லிக்கிட்டே போறாரு.”

“பரவாயில்லையே! உங்கம்மா வந்தா வணக்கம் சொல்றாரா?”

“அந்த லெவலுக்கு இன்னும் வரலக்கா.”