இடப்பக்க மிதவை

இரவு மணி ஏழரை. பிரிஞ்சாங் மலையூரைத் தாண்டித் தேயிலை எஸ்டேட்டுக்குப் போகும் சாலையில் ஒரே ஒரு லோரி. பனிமூட்டம். முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுத் திரும்பும் லோரி அது. மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்தது... ஒரு படகுத் துண்டு.

சிரிக்காதீர்கள். ஐயாயிரம் அடி உயரத்தில் படகுதான்.

என் தோழி ருக்குமணியின் மாமா காளியண்ணனுக்கு நடந்தது இது. எண்பத்திரண்டாம் வருடம். எஸ்டேட்டில் கொழுந்து நிறுப்பது அவர் வேலை. ஒருமுறை கடற்கரை ஊரான லூமுட்டில், நடுவில் ஒரு குறுகலான தோணியும் இருபுறமும் மிதவைகளுமாக ஒரு பாய்மரப் படகு மற்றவற்றை முந்திப் போவதைப் பார்த்தார். அதுபோல் ஒன்று கட்டிப் போட்டியில் ஓட்ட வேண்டும். ஓர் ஆளுக்கான படகு. புதிது வாங்க வசதியில்லை. உடைந்த படகுகளிலிருந்து பாகம் பாகமாகச் சேர்த்தார். இடப்பக்க மிதவை மட்டும் பாக்கி. அன்று வந்தது அதுதான்.

கொழுந்துக் கொட்டகையில் அத்தை பாஞ்சாலை விளக்கோடு நின்றாள்.

"ஏங்க, தேயிலைக்குள்ளயா கப்பல் விடப் போறீங்க?"

"சும்மா இரு லா. தூக்கிப் பாரு, எவ்வளவு லேசு. லேசா இருந்தாத்தான் வேகம்."

"அடியில ஓட்டை இருக்கே."

"லூமுட்ல இதை வித்த மலாய்க்காரரு பாக் சாலே, ஓட்டையை அடைக்காதேன்னாரு. அடைக்காம எப்படி மிதக்கும்? கிழவருக்கு வயசாயிருச்சு."

காசளவு ஓட்டை. ஓரம் வழவழப்பு... உடைந்ததில்லை, யாரோ துளைத்தது. மாமா அன்றே பிசின் வைத்து அடைத்தார். கொழுந்துத் தராசின் கொக்கியில் மாட்டினார். முப்பத்திரண்டு கிலோ. வலப்பக்க மிதவையும் அதே எடை. நிம்மதியாகத் தூங்கப் போனார்.

காலையில் மறுபடி மாட்டினார். தொண்ணூறு.

மேல்மூடியைத் திறந்து கையை விட்டார். ஒன்றுமில்லை. காய்ந்திருந்தது. வாசனை மட்டும்... தேயிலைக்கு நடுவே, அழுகிய பாசி, உப்பு.

ஓர் உர மூட்டையை மாட்டிப் பார்த்தார். ஐம்பது. தராசு சரி.

ஐம்பத்தெட்டு கிலோ கூடுதல்.

இருட்டியதும் சத்தம். டக்... டக்... அடைத்த இடத்தில், உள்ளேயிருந்து. விரல் நுனியால் தட்டுவது போல.

"அடைச்சதை எடுத்திருங்க," என்றாள் அத்தை. "இதோட நீங்க கடல்ல இறங்கக் கூடாது."

"இது இல்லாட்டிப் படகே இல்ல பாஞ்சாலை. ரெண்டு வருஷ உழைப்பு."

விடியும்வரை உட்கார்ந்திருந்தார். தட்டல் நிற்கவில்லை. கடைசியில் உளியை எடுத்தார். குனிந்து பிசினை உடைத்தார். ஓட்டையிலிருந்து காற்று அவர் முகத்தில் அடித்தது. ஈரக்காற்று. வாயெல்லாம் உப்பு.

பிறகு தட்டல் இல்லை. தராசில் முப்பத்திரண்டு.

மிதவையைத் திருப்பிக் கொடுக்க லூமுட்டுக்குப் போனார். பாக் சாலே ஓட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். மாமாவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அடுத்த மாதம் எஸ்டேட் கிளினிக்கில் உடல் பரிசோதனை. மாமா ஒல்லி. என்றைக்கும் அறுபத்தொரு கிலோ. எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறினார். மருந்து கொடுக்கும் டிரெசர் எந்திரத்தின் முள்ளைத் தட்டினார்.

"இறங்கி ஏறுங்கண்ணே."

இறங்கி ஏறினார்.

நூற்றுப் பத்தொன்பது.

மாமா வீட்டுக்கு வந்தார். கொட்டகைக்குப் போய்ப் படகுப் பாகங்களின் மேல் சாக்கைப் போட்டு மூடினார்.

"வேற மிதவை தேடலயா?" என்று அத்தை கேட்டாள்.

மாமா திரும்பவில்லை.

"அது ஓர் ஆளுக்குக் கட்டுனது, பாஞ்சாலை. ரெண்டு பேரத் தாங்காது."