ஏழாவது பாட்டு

இந்த அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம், ஐயா. அந்தச் சுவரில் ஒரு கனமான திரையைத் தொங்கவிட்டால் என் வாக்குமூலம் இன்னும் தெளிவாகப் பதிவாகும். தொழில் பழக்கம், தப்பாக நினைக்காதீர்கள்.

நான் ஒரு சின்ன இசை நிறுவனம் நடத்துகிறேன். சலவைக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் பாடுவார்கள், மற்றதில் நான் உட்கார்ந்து பதிவு செய்வேன், நடுவில் கண்ணாடி. வெறும் பாட்டை விற்பவன் இல்லை நான். ஓவியர், சிற்பி, கவிஞர், நடனக்காரி என்று எல்லாக் கலைகளையும் ஒரே உறைக்குள் போடுபவன். உறை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

எங்களிடம் இருந்த ஒரே நல்ல குரல் என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணன். போன வருடம் இதயக் கோளாறில் படுத்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா? நான் அஞ்சலி இசைத்தட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டேன். கவிஞர் இரங்கல் பாட்டுகள் எழுதினார். நடனக்காரி வெளியீட்டு மேடைக்கு ஓர் ஒப்பாரி நடனம் அமைத்தார். சிற்பி, மச்சான் தூங்கும்போது முகத்தில் பிளாஸ்டர் மாவைப் பூசி அச்சு எடுத்தார். தோலுக்கு நல்லது என்று நர்சிடம் சொல்லிவைத்தோம். ஆறு பாட்டுகளை மச்சானின் சிஷ்யர்கள் பாடினார்கள். ஏழாவதை நானே பாடினேன். யாரும் கேட்கவில்லை, பாசம்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. மச்சான் பிழைத்துக்கொண்டார்.

அவ்வளவு பேரின் உழைப்பு வீணாகலாமா? வரிகளை மாற்றிப் பிறந்தநாள் பாட்டாக்கலாமா என்று கவிஞரைக் கேட்டேன்.

"என் வரியில கை வைக்காதீங்க. அவரும் ஒருநாள் போகத்தானே போறாரு? காத்திருப்போம்."

"எவ்வளவு நாள்?" என்று கேட்டார் சிற்பி.

விஷயம் மச்சான் காதுக்குப் போயிற்று. கோபப்படுவார் என்று பயந்தேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரையும் உட்காரவைத்து முழுத் தட்டையும் போடச் சொல்லிக் கேட்டார். சில இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம் மாப்ள. நான் உயிரோட இருக்கும்போதே வெளியிடுங்க, எனக்கொண்ணும் இல்ல. அந்த ஏழாவதை மட்டும் தூக்கிடுங்க. அதைக் கேட்டா செத்தவனே எழுந்து வந்து நிறுத்தச் சொல்லுவான்."

அன்றைக்கு அறையில் எதிரொலி இருந்தது என்று விளக்கினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிக நேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். ஆனால் உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் பாடினால் கலைக்கு என்ன மரியாதை? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் மச்சானே வந்தார். ஏழாவது பாட்டைத் தானே பாடித் தருகிறாராம். தங்கமான மனுஷன்.

அவர் சட்டைப்பையில் மாத்திரை டப்பா கலகலத்தது. எங்கள் மைக் ஊசி விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன், யாரிடமும் அப்படித்தான் சொல்வேன். என் மேசையில் வைத்தார். கீழே சலவை இயந்திரம் ஓடினால் பாடும் அறையின் கதவு தானாக விலகும், எனவே வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கு மேல், உள்ளேயும் மாடிப்படியிலிருந்தும் தெரிகிற சிவப்பு பல்பைப் போட்டேன். அது எரியும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் ஒரே விதி.

உச்சஸ்தாயி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டுக்கு அது தேவைப்பட்டது. முதல் தடவையே நன்றாகப் பாடினார். இன்னொரு தடவை என்றேன். பிறகு இன்னொன்று.

"மாப்ள... மாத்திரை."

ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டது. மார்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் தட்டினார். நான் பல்பைக் கைகாட்டினேன். விதி என்றால் மச்சானுக்கும் விதிதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மனைவி கேட்டாள்: "அண்ணன் கடைசியாப் பாடினதைப் போடுங்க, கேக்கணும் போல இருக்கு." அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அன்றைக்கு மாடிப்படியில் காத்திருந்த நடனக்காரி சிவப்பு பல்பு வெகுநேரம் எரிந்ததைப் பார்த்திருக்கிறார். இருவரும் சேர்ந்துதான் உங்களிடம் வந்திருக்கிறார்கள்.

என்னை அரக்கன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மனிதன் சாவதைப் பதிவு செய்கிறவன் இல்லை நான். இயந்திரத்தை ஆரம்பத்திலிருந்தே நான் ஓடவிடவில்லை. பல்பு மட்டும்தான் எரிந்தது.

தட்டு இப்போது நன்றாக ஓடுகிறது. வெளியீட்டு விழாவில் கவிஞர் ஒரு வரிகூட மாற்றாமல் அழுதார். எல்லாம் கலைக்காகத்தான் செய்தேன், சொந்தப் பகை எள்ளளவும் கிடையாது. உங்கள் மேசையிலும் ஒரு பிரதி இருக்கிறதே. சுவரில் திரையைத் தொங்கவிட்டுவிட்டு நான் பாடிய அந்த ஏழாவது பாட்டைப் போட்டுக் கேளுங்கள், ஐயா. சுருதி எங்கே விலகுகிறது என்று நீங்களாவது நேர்மையாகச் சொல்லுங்கள்.