இரைச்சல் என்று துடைத்த நெஞ்சொலி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, நூல்களோடு நூலாய் வாழும் நூலகர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த மருத்துவர்களே, பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாளை எங்கள் நெஞ்சில் கைவைக்கப்போகும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய பேராசிரியர், மறைந்த கணவரின் இதயத்துடிப்பைக் கேட்க ஏங்கும் மனைவி என்றார். இனிமையாக இருந்தது, உண்மையாக இல்லை. தவறான வாக்கியத்தைத் திருத்தாமல் எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் உட்காரவிட மாட்டார்கள். என் கணவர் பதிவு செய்துவிட்டுப் போன ஒலிநாடாக்களில் அவருடைய இதயம் இல்லை. அவர் கேட்டவர், கேட்கப்பட்டவர் அல்லர். நான் கணினிக்கு விரோதி என்றும் ஒரு பேச்சு. ரயில் டிக்கெட்டைக் கணினியில் நானேதான் எடுக்கிறேன்; என் மருமகனுக்கும் சேர்த்து.

இன்று இந்த நூலகம் தன் சிறப்புத் தொகுப்புகளைக் கணினிப் பாடங்களாக வெளியிடுகிறது. அவற்றில் ஒன்று, இதய மருத்துவரான என் கணவர் பதிவு செய்த நோயாளிகளின் நெஞ்சொலிகள். எப்படிப் பதிவு செய்தோம் தெரியுமா? மின்விசிறியை நிறுத்துவேன். ஜன்னலைச் சாத்துவேன். தெருவில் வண்டி ஓயும்வரை, வியர்வை வழிய வழிய, நோயாளி, அவர், நான் என மூன்று பேரும் மூச்சடக்கி மௌனமாய்க் காத்திருப்போம். எதைக் கேட்க வேண்டும் என்று அவரே தன் குரலில் நாடாவில் சொல்லிவைப்பார்.

ஒரு தையல்காரர் வந்தார். வாயு, வாயு என்றே அவரைப் பல இடங்களில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் நெஞ்சிலோ, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே, கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல் ஓர் ஓசை. வால்வு கசிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. காலம் கடந்துவிட்டதை என் கணவர் மறைக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே தையல்காரர் என்னிடம் சொன்னார்: “எனக்குத்தான் யாரும் நேரத்துக்குக் கேக்கல. படிக்கிற பிள்ளைங்களாவது கேக்கட்டும்மா.”

வேண்டாம், கைதட்டாதீர்கள். அவர் பிழைக்கவில்லை.

என் மாடிவீட்டுப் பெண் இங்கேதான் மருத்துவம் படிக்கிறாள். தையல்காரரின் நெஞ்சொலி உள்ள பாடத்தை அவள் வகுப்புக்கு முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். வாடிய முகத்தோடு வந்தாள். “ஆன்ட்டி, காத்து மாதிரி ஒரு சத்தம் வரும், கேளுங்கன்னு நம்ம டாக்டர் சார் குரல்ல வருது. எனக்கு ஒண்ணுமே கேக்கல. என் காதுலதான் கோளாறா?” பாடத்தின் முடிவில் வரும் ‘கேட்கிறதா’ என்ற கேள்விக்கு என்ன பதில் கொடுத்தாய் என்றேன். “ஆமான்னு அமுக்கினாத்தானே அடுத்த பக்கம் வரும்?”

வகுப்பே ஆம் என்று அமுக்கியிருக்கிறது. வகுப்புக்கே முழு மதிப்பெண்.

நானும் கேட்டேன். என் கணவரின் குரல் பளிங்கு. துடிப்பு பளிங்கு. நடுவில் இருந்த காற்றைக் காணோம். ஒலியைச் சீர்செய்த பொறியாளரைத் தேடிப் போனேன். நல்ல மனிதர், நாற்காலி இழுத்துப் போட்டார். “ஒரே இரைச்சலா இருந்துச்சும்மா. சுத்தமாத் துடைச்சுட்டோம்” என்றார், பெருமையாக.

எது இரைச்சல், சான்றோர்களே? அந்த மனிதரைத் தின்ற நோயா இரைச்சல்? உயிரோடு இருந்தபோது வாயு என்றார்கள்; இறந்தபின் இரைச்சல் என்கிறோம். ஒலியில் நோயைக் குணப்படுத்திவிட்டு, உடலில் அதைக் கேட்கத் தெரியாத மருத்துவர்களை உருவாக்கவா இத்தனை விளக்கு, இத்தனை மாலை?

துடைக்காத நகல் அவரிடம் இல்லையாம். சரி, மூல நாடா எங்கே? நூலகத்தில் கேட்டால் கணினிப் பிரிவைக் காட்டினார்கள். அங்கே கேட்டால் கட்டடப் பிரிவைக் காட்டினார்கள். கட்டடப் பிரிவில் ஒருவர், அதுதான் கணினியில் ஏறிவிட்டதே, அலமாரியை ஒழித்தாயிற்று என்றார். இன்னொருவர் கிடங்கில் இருந்தாலும் இருக்கும் என்றார். கல்லில் நார் உரிக்கப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பினேன்.

மேடையில் நம்பிக்கையோடு முடிப்பது மரபு. என்னிடம் அது மிச்சமில்லை. இன்னும் சற்று நேரத்தில் ஒரு பொத்தானை அமுக்குவீர்கள். பாடம் ஊர் ஊராய்ப் போகும். கேட்காததைக் கேட்டதாய்ச் சொல்லப் பழகிய காது, ஒருநாள் கசியும் நெஞ்சில் கருவியை வைத்து, வாயு என்று சொல்லி அனுப்பாதா? அந்த நோயாளி யார் வீட்டுப் பிள்ளையோ!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன், ஐயா. பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, என் வணக்கம்.

துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாடாக்கள் இருக்கின்றனவா? இருந்தால், எந்த அறையில்? இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். தொலைபேசியில் ஆறுதல் வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.