இடப்பக்கம்

கை கழுவுவதில் நான் சோம்பல்பட்டதே இல்லை. உவர் உப்பை நீரில் கரைத்து முழங்கை வரை தேய்ப்பேன். நகத்தடியைக் குச்சியால் சுரண்டுவேன். பிறகு ஆற்றில் இறங்கி இன்னொரு முறை. எங்கள் கூடாரத்தில் வேறு யாரும் இவ்வளவு செய்வதில்லை.

ஐயா, நீங்கள் கடல் தாண்டி வந்து இங்கே நீதிபதியாகப் பதவியேற்றவர். உங்கள் ஊரில் இறந்தவரை எரித்துவிடுவார்களாமே. இங்கே நாங்கள் உடல் அழுகாமல் உப்பில் உலர்த்தித் துணி சுற்றி வைப்போம், அதனால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உடலைப் பலகையில் கிடத்தியதும் எழுத்தர் பேதிசி இடப்பக்கம், விலாவுக்குக் கீழே, மையால் ஒரு கோடு போடுவார். ஜெஹோ கூரிய கருங்கல் சில்லால் அந்தக் கோட்டில் கீறுவான். கீறிய உடனே ஓடுவான். உடலைக் காயப்படுத்தியவன் அல்லவா, நாங்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே கல்லெறிந்து துரத்துவோம். பிறகு நான் கீறலுக்குள் கைவிட்டு ஈரல், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் எடுப்பேன். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவேன். இறந்தவர்கள் போகும் மேற்குலகில் பாவபுண்ணியம் பார்க்கத் தராசில் வைப்பது அதைத்தான். உடையவன் வாய் திறக்கும் முன்பே அது பேசிவிடும் என்பார்கள்.

கல்லெறிவது சடங்குதான். பதினோரு வருடத்தில் ஜெஹோ மேல் ஒரு கல்லும் பட்டதில்லை. பேரீச்சை மரம் வரை ஓடி, அங்கே பானையில் வைத்திருக்கும் பார்லிக் கள்ளை எங்களுக்கு முன்னால் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

“என்னடா எறியுறீங்க? எங்க மாமியா இதவிட நல்லா குறி பாப்பா.”

அவன் என் மனைவி தாமித்துக்குப் பெரியப்பா மகன். என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவான். கூடாரத்தில் எனக்குப் பிடித்த ஆள் அவன் ஒருவன்தான்.

தாமித் என்றால் எங்கள் மொழியில் பெண்பூனை. பெயருக்கு ஏற்ற மூக்கு. நான் வாசலில் காலை வைக்கும்போதே கேட்பாள்.

“கை கழுவினீங்களா?”

“கழுவிட்டேன்.”

“மறுபடி கழுவுங்க. பொணவாடை அடிக்குது.”

எனக்குத் தனி மண்தட்டு, தனிக் குவளை. படுக்கையும் தனி. நான் ஒன்றும் சொன்னதில்லை. பொறுமையானவன் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு நாள் மூன்று முறை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தேன். அவள் மீதி ரொட்டியை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“எல்லாத்தையும் நீங்களே தின்னுங்க. நீங்க தொட்டத இனி பூனைகூடத் தொடாது,” என்று சொல்லிச் சிரித்தாள்.

மாவரைக்கும் கல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் கோபத்தில் அடிக்கவில்லை. கோபத்தில் அடிப்பவன் கண்ட இடத்தில் அடிப்பான். நான் முகத்தில் படாமல் விலாவில் மட்டும் அடித்தேன், இரண்டு பக்கமும். முகம் கெட்டுவிட்டால் அவளுடைய ஆவி திரும்பி வந்து தன் உடலை அடையாளம் காண முடியாது. வேறு எந்தப் புருஷன் இதை யோசிப்பான்? அவள் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். ரொட்டி ஆறிப்போகும் முன் சாப்பிட்டும் முடித்தேன்.

மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னதும் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

அவளை எங்கள் கூடாரத்துக்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். பேதிசிக்குக் கண் மங்கல். கறுத்துப்போன தோலின் மேலேயே கோடு போட்டுவிட்டார். ஜெஹோ குனிந்து அவள் விலாவில் உள்ளங்கையை வைத்தான். எலும்பு நகர்ந்தது. கையை வலப்பக்கம் கொண்டுபோனான். அங்கேயும் நகர்ந்தது.

“மாப்ளே, படியில விழுந்தவளுக்கு ரெண்டு பக்கமும் விலா நொறுங்குமா?” மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் கேட்டான்.

“உருண்டு விழுந்தா.”

“உருண்டவ முகத்துல ஒரு சிராய்ப்பு இல்லியே.” என்னையே பார்த்தான். “வேல முடியட்டும். எங்கப்பாவையும் வெச்சுக்கிட்டுப் பேசுவோம்.”

பிறகு அவள் காதருகே குனிந்தான். “பொறுத்துக்கம்மா தங்கச்சி. ஒரே கீறல்தான்.”

கீறினான். ஓடினான். எல்லோரும் திட்டத் தொடங்கினார்கள், நானும் ஒரு கல்லை எடுத்தேன். பதினோரு வருடமாகத் தவறவிட்டுப் பழகியவனுக்குச் சரியாக எறியவும் தெரியும். முதல் கல் காதுக்குப் பின்னால் பட்டது. ஜெஹோ நின்று, காதைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

“மாப்ளே, பாத்து,” என்றான். பாதிச் சிரிப்பு இருந்தது.

இரண்டாவது நெற்றியில் பட்டது. மண்டியிட்டு விழுந்தான். மூன்றாவதிலிருந்து நான் எறியவில்லை. கிட்டே போய்க் கையில் பிடித்தபடியே அடித்தேன். பின்னால் திட்டு நின்றபாடில்லை. “அடி, பொணத்தக் கிழிச்சவன, அடி” என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். ஏழாவது அடிக்குத்தான் அடங்கினார்கள். அவனுக்கு மட்டும் நான் முகத்தை விட்டுவைக்கவில்லை. அவனுடைய ஆவி எத்தனை முறை வந்து தேடினாலும் கண்டுபிடிக்காது.

எல்லோரும் மரத்தடியில் கிடந்தவனிடம் ஓடினார்கள். நான் திரும்பி வந்தபோது கூடாரம் காலியாக இருந்தது. நான் கை கழுவிக்கொண்டு கீறலுக்குள் கையை விட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு அவளைத் தொடுகிறேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. இதயம் நான் நினைத்ததைவிடச் சின்னது. கூடாரத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு மஞ்சள் நாய் படுத்திருக்கும். இரண்டே வாயில் முடித்துவிட்டது.

தராசை நினைத்து நடுங்காதவர் இந்த ஊரில் கிடையாது. தாமித்துக்கு இனி அந்தப் பயம் இல்லை. அவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இதையும் நான் செய்த நல்லதாக எழுதிக்கொள்ளுங்கள்.

மனைவி உடலைக் கீறியதைப் பார்த்துப் புத்தி தடுமாறிவிட்டதா என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். பேதிசியும் மற்றவர்களும் அப்படித்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், வீட்டுக்குப் போகலாம். தாமித்தைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து மூடியாகிவிட்டது. எனக்கு எதிராகப் பேச மேலேயும் கீழேயும் யாரும் மிச்சமில்லை. தலையாட்டுவது என்று முடிவு செய்துகொண்டுதான் இங்கே வந்தேன்.

பிறகு ஏன் இவ்வளவையும் சொன்னாய் என்று கேட்கிறீர்கள்.

நான் சொல்லவில்லை ஐயா. நான் இன்னும் வாயே திறக்கவில்லை. இங்கே, நெஞ்சில் இடப்பக்கம், கை வைத்துப் பாருங்கள்.