அவர் அளவுக்கு வாங்கிய துணி

இல்லைங்கண்ணா, வெட்ட வேணாம். கத்தரிய எடுத்து வச்சிருங்க. வேற ஏதாவது வழி இருக்கான்னு பாருங்க. லிஃப்ட் மெக்கானிக்குக்கே நான் வேலை சொல்லித் தரேன்னு நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் மெதுவாவும் பேசுங்க, இவ இப்பதான் கண் அசந்தா. கொழந்தைய நெஞ்சோட சேத்துக் கட்டியிருக்கேன். நின்னு பாத்தா உங்களுக்குத் தெரியாது, குனிஞ்சு பாருங்க. ஆங், அதான். எனக்கு உங்க செருப்பும் கால் விரலும் மட்டும்தான் இவ்வளவு நேரமா தெரிஞ்சுச்சு. இப்பதான் மூஞ்சியப் பாக்குறேன்.

எனக்கு ஒண்ணும் ஆகல. முடிச்சுதான் முதுகுப் பக்கம் இறுகிப் போச்சு. கை எட்டுது, அவுக்க வரல. நகமே பிஞ்சிரும் போல இருக்கு. துணியோட முனை உங்க பக்கம் கிராதிக் கதவுல மாட்டியிருக்கு, இந்தப் பக்கம் நான். கட்டிப் போட்ட மாடு மாதிரி ஓரடி அங்க இங்க நகர முடியல.

எப்படி ஆச்சுன்னா என்ன சொல்ல. அவசரமா வந்தேன், கதவ இழுத்துச் சாத்துனேன், பட்டன அமுக்குனேன். பாதி மாடி இறங்கல, பின்னாடி இருந்து யாரோ வெடுக்குனு புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு. மேல கிராதி கொஞ்சம் திறந்துக்கிச்சு, அது திறந்தா ஓடாதுல்ல, லிஃப்ட் நின்னுருச்சு. நல்லவேளை, நின்னுச்சு. நிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே வேணாம். அப்புறம் மணி அடிச்சேன். விடாம அடிச்சேன். கீழ இருந்து வாட்ச்மேன் கேட்டு, உங்களுக்குச் சொல்லி, நீங்க வந்து சேந்தீங்க. அவரு மோட்டார் ரூம்ல இருக்காரா? சரி, இருக்கட்டும்.

இல்ல, எதிர் வீட்டுக் கதவெல்லாம் தட்ட வேணாம். எதுக்கு? ரெண்டு ஆள் வந்து என்ன பண்ணப் போறாங்க.

இவ்வளவு நீளத் துணி எதுக்குன்னா கேக்குறீங்க? கேளுங்க கேளுங்க, பாக்குற எல்லாரும் கேக்குறதுதான். கொழந்தையக் கட்டிச் சுமக்குறதுக்குன்னே நெய்யுற துணிண்ணா. நம்பர் போட்டு வச்சிருப்பாங்க, நம்பர் ஏற ஏற நீளம் ஏறும். வாங்கப் போனப்ப கொழந்தையோட எடைய கேப்பாங்கன்னு நினைச்சு, ஸ்கேன்ல சொன்னத மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். கடைக்காரம்மா அதக் கேக்கவே இல்ல. யாரு சுமக்கப் போறாங்கன்னு கேட்டாங்க. சுமக்கிறவங்க உடம்புதான் கணக்காம், கொழந்தை கணக்கே இல்லையாம். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, உங்களுக்கு நாலாம் நம்பர் தாராளம், குறுக்கா ரெண்டு தோள்லயும் போட்டு இடுப்புல முடிச்சுப் போட்டா கையளவு மிஞ்சும், நடக்க இடைஞ்சல் இருக்காதுன்னாங்க.

நான்தான் பெருமையா, அய்யோ எனக்கு மட்டும் இல்லைங்க, இவ அப்பாவும் தூக்குவாரு, அவரு நல்ல வாட்டசாட்டமான ஆளுன்னேன். அளவு கேப்பாங்கன்னு அவரு சட்டை ஒண்ண வேற பையில எடுத்துட்டுப் போயிருந்தேன். அப்ப இவ வயித்துல இருந்தா. அந்தம்மா சட்டைய மேசை மேல விரிச்சாங்க. இந்த ஆளா, அப்ப ஏழாம் நம்பர்தான், பெருசா வாங்குனா சின்ன உடம்பு மிச்சத்தச் சுத்திக்கலாம், சின்னதா வாங்குனா பெரிய உடம்புக்கு முடிச்சே விழாதுன்னாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரெண்டு பேருக்கும் ஒரே துணி. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவரு இவளக் கட்டிக்கிட்டு நடக்கிற மாதிரியே நினைச்சுக்கிட்டு வந்தேன்.

அன்னையில இருந்து மிச்சத்தச் சுத்திக்கிட்டேதான் இருக்கேன். இடுப்ப ரெண்டு சுத்து சுத்துவேன், அப்பவும் முழங்காலுக்குக் கீழ தொங்கும். எடுத்துச் சொருகிக்குவேன். வெயில் காலத்துல அந்த இடமெல்லாம் வேர்க்குரு. சொருகாம வெளிய வந்ததே இல்ல. இன்னைக்குத்தான் நேரம் இல்ல.

அழுதாண்ணா. வேற என்ன அவசரம். வீறிட்டு அழுதா. அழுதா உடனே வெளிய வந்துரணும், எங்க வீட்ல அப்படித்தான். இப்படி வந்து, இதுல ஏறி, கீழ போய், மறுபடி மேல வந்து, மறுபடி கீழ போனா தூங்கிருவா. தினமும் இந்த வேலைதான். சம்பளம் இல்லாத லிஃப்ட் ஆபரேட்டர்னு வாட்ச்மேன் கிண்டல் பண்ணுவாரு. நானும் சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்றது. இந்தச் சுவர்ல இருக்கிற கீறல் எல்லாம் எனக்கு மனப்பாடம். இன்னைக்கு என்ன, இறங்க முடியல, அவ்வளவுதான். மத்தபடி பெருசா வித்தியாசம் தெரியல.

போனா? அவருக்குப் போட்டேனே. எடுக்கல. வேலைல இருக்கிறப்ப எடுக்க மாட்டாரு. சத்தமே ஆகாது அவருக்கு. தட்டு விழுந்தா ஆகாது, குக்கர் விசில் ஆகாது, இவ அழுதா சுத்தமா ஆகாது. நீங்க திரும்பத் திரும்ப, வேற வழி இல்லம்மா, இது இழுபட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் மேல மோட்டார் சக்கரத்த சுத்தச் சொல்ல மாட்டேன், உங்களத்தான் இழுக்கும்னு சொல்றீங்க. புரியுதுண்ணா. நல்லதுக்குத்தான் சொல்றீங்க. வெட்டிட்டா இது அவருக்குப் பத்தாது, அதான் யோசிச்சேன். அவ்வளவுதான் விஷயம். வேற ஒண்ணும் இல்ல.

தூக்குவாரா... இல்லண்ணா. இதுவரைக்கும் இல்ல. பொறந்த அன்னைக்கு நர்சம்மா இவள அவரு முன்னாடி நீட்டுனாங்க. கையப் பின்னாடி கட்டிக்கிட்டாரு. பயம் போலன்னு நினைச்சேன். தலை நிக்கட்டும்னாரு. நின்னுச்சு. உக்காரட்டும்னாரு. உக்காந்தா. கெட்ட மனுஷன் இல்ல, என்னை ஒரு சொல் சொன்னதில்ல, கை நீட்டுனதில்ல. வெளியில சொன்னா இதெல்லாம் ஒரு குறையான்னுதான் கேப்பாங்க. எங்கம்மா கேட்டாங்க. ஊருக்கெல்லாம் நானே சொல்லி வச்சிருக்கேன், ராத்திரி அவருதான் கட்டிக்கிட்டு நடப்பாருன்னு. துணி அவ்வளவு நீளமா இருக்கிறதால எல்லாரும் நம்புறாங்க.

இன்னைக்கு என்ன வேலையா எங்க போயிருக்காருன்னா கேக்குறீங்க?

எங்கயும் போகலண்ணா. உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்குல்ல அந்தக் கதவு, அதான் எங்க வீடு.

திரும்பாதீங்க. திரும்பிப் பாத்தாலும் நிக்கிற உங்களுக்குத் தெரியாது. என் தலை இப்ப உங்க தரைக்குச் சமமா இருக்கு, உங்க செருப்பைத் தாண்டி அந்தக் கதவு இடுக்கு எனக்கு நேரா தெரியுது. உள்ள லைட் எரியுது. நான் மணி அடிக்க ஆரம்பிச்சதுமே ரெண்டு கால் நிழல் வந்து நின்னுச்சு. வந்துட்டாருன்னு நினைச்சு மணி அடிக்கிறதையே நிறுத்திட்டேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். அசையல. நீங்க வந்தீங்க, பேசுனீங்க, இவ்வளவு நேரம் ஆச்சு. இப்பவும் நிக்குது.

தட்ட வேணாம்னு சொன்னது அதனாலதான். தட்டி, திறக்கலைன்னு வைங்க, அதை நீங்களும் பாத்துருவீங்க.

அழலண்ணா. எனக்கு ஆத்திரமா வருது, அவ்வளவுதான். அவரு நல்லா இருக்கட்டும்.

கத்தரிய எடுங்க. எடுங்க, நான்தான சொல்றேன். கிராதிகிட்ட வெட்டாதீங்க, அங்க வெட்டுனா மறுபடி முழங்கால் வரைக்கும் தொங்கும். கைய உள்ள விடுங்க, இன்னும் கொஞ்சம். நான் புடிச்சிருக்கேன் பாருங்க, இதுவரைக்கும்தான் என் அளவு. இங்க வெட்டுங்க. ம். நல்ல கத்தரிண்ணா. சத்தம் கூட வரல, இவ அசையவே இல்ல.

ஆ, முடிச்சு இளகிருச்சு. மூச்சு விட முடியுது.

அந்தத் துண்டா? எனக்கு வேணாம். அந்தக் கதவுப் புடியில மாட்டிருங்க. அவரு உடம்புக்கு வாங்குனதுதான அது.

எதுக்கு மேல ஏத்தச் சொல்றீங்க? மேலதான் பக்கம், தெரியும். வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்க, கீழ இறக்கட்டும். எங்கம்மா வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும். இப்பவே கிளம்புனா இவ எந்திரிக்கிறதுக்குள்ள முதல் பஸ் ஏறிருவேன்.